நீலம் என்றால் நம்பிக்கையாம்!

போன மாதம் இங்குள்ள தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பள்ளிக்குப் புது லோகோ செய்ய ஒரு நிறுவனத்தைப் பிடித்திருந்தார்கள். பெயர் வேண்டாம். வந்தவர் முதல் ஸ்லைடிலேயே வண்ணச் சக்கரம் ஒன்றைப் போட்டார். நீலம் நம்பிக்கை, சிவப்பு ஆக்ரோஷம், மஞ்சள் மகிழ்ச்சி, பச்சை இயற்கை, ஊதா ராஜகம்பீரம். ஆகவே, பிள்ளைகள் இத்தனை வருடம் சட்டையில் குத்திக்கொண்ட அரக்குச் சிவப்பு ஆகாதாம், நீலத்துக்கு மாற வேண்டுமாம். இதற்கான பில்லோ, அம்மாக்கள் இட்லி விற்றுச் சேர்த்த காசு.

பதினைந்து வருடமாக இதே தொழிலில் சோறு தின்கிறவன் சொல்கிறேன், இது சுத்த ஜல்லி.

நான் பாறசாலைக்காரன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழகத்துக்குப் போக, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். களியக்காவிளையில் இரண்டு மாநிலமும் முட்டிக்கொண்டு நிற்கும். நிறத்துக்கு நிலையான அர்த்தம் கிடையாது என்பதைப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரக்காரர்கள் "கிழக்கில் வெள்ளை துக்கத்தின் நிறம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது பாலராமபுரம். வெளுக்காத நூலில் கசவுக் கரை போட்ட அந்தக் கைத்தறிக்குப் புவிசார் குறியீடே உண்டு. மலையாளக் கல்யாணத்திலும் ஓணத்திலும் அதுதான் மங்கலம். அதை நெய்ய ஆரம்பித்தவர்களோ, திருவிதாங்கூர் அரசர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர்கள்! எல்லைக்கு அந்தப் பக்கம் கூறைப்புடவை சிவப்பு; வெள்ளை கட்டினால் "யாரு போயிட்டா?" என்பார்கள். இரண்டு பக்கமும் கிறிஸ்தவ மணப்பெண்ணுக்கு மறுபடி வெள்ளைதான். ஒரே பஸ் ரூட்டில் வெள்ளைக்கு மூன்று அர்த்தம். இதில் எது 'கிழக்கு'?

அடுத்தது பால். மில்மாவில் பச்சைப் பாக்கெட் 'ரிச்', மஞ்சள் 'ஸ்மார்ட்'. அம்மாவுக்கு மலையாளம் வாசிக்க வராது. "பாயசத்துக்குப் பச்சை எடுத்துட்டு வா மக்கா" என்பாள். அவளுக்கு மஞ்சள் மகிழ்ச்சி அல்ல, தண்ணிப்பால்! 2023 இல் 4.5% கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டை நிறுத்திவிட்டு 3.5% கொழுப்புள்ள ஊதாப் பாக்கெட்டைக் கொண்டுவர ஆவின் முனைந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கிறதா? ஊதாவின் ராஜகம்பீரத்தைக் கண்டு யாரும் மயங்கவில்லை. பழகிய நிறம் போனால் கொழுப்பும் போகிறது என்று சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

"ஆராய்ச்சி இருக்கிறதே சார்" என்பார்கள். "வாங்குபவரின் முடிவில் 62 முதல் 90 சதவீதம் நிறத்தால்தான்" என்ற எண் எல்லா ஸ்லைடிலும் வரும். அதைப் பரப்பியது 2006 இல் வந்த ஒரு கட்டுரை. அது பிறர் சொன்னதைத் தொகுத்த கட்டுரை, பரிசோதனை செய்து கண்ட எண் அல்ல. அதே 2006 இல் பாட்டம்லி, டாயில் என்ற இருவர் உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள். நிறம் தனியாக எதையும் சாதிப்பதில்லை, அது எந்தப் பொருளுக்குப் பொருந்துகிறது என்பதே முக்கியம் என்று வந்தது. சிறை அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தால் கைதிகள் சாந்தமாவார்கள் என்று 1979 இல் அமெரிக்காவில் கிளம்பிய கதையும் அப்படித்தான். 2015 இல் சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை.

சட்டத்துக்குக்கூட இது புரிந்திருக்கிறது. 1995 இல் குவாலிடெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நிறத்தையே வர்த்தகச் சின்னமாக ஏற்றது. எதனால்? அந்தப் பச்சை-தங்க நிறம் யாருக்கும் 'உணர்ச்சி' ஊட்டியதால் அல்ல. வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, நிறத்தைக் கண்டதும் வாடிக்கையாளருக்குக் கம்பெனி நினைவுக்கு வந்ததால். அர்த்தம் நிறத்தில் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது.

நிறம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தூரத்திலிருந்து தெரிகிறதா, கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் நிற்கிறதா, பக்கத்துக் கடையிலிருந்து பிரித்துக் காட்டுகிறதா என்று கேளுங்கள். இந்திய உணவுப் பாக்கெட்டில் முன்பு சைவம், அசைவம் இரண்டுக்குமே வட்டம்தான், நிறம் மட்டும் வேறு. நிறப்பார்வைக் குறை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். இப்போது அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். அதுதான் வடிவமைப்பு வேலை. ராசிக்கல் ஜோசியத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிடுவது அல்ல.

கூட்டத்தில் நான் எழுந்து கேட்டது ஒன்றுதான். "இந்த அரக்கைப் பார்த்தால் உங்கள் பிள்ளைக்கு என்ன ஞாபகம் வரும்?" பின்வரிசையில் இருந்த சிறுமி அவள் அம்மாவை முந்திக்கொண்டு சொன்னாள், "சனிக்கிழமை!"

இத்தனை வருடம் சனிக்கிழமை தூக்கத்தை விட்டு, பனியில் கார் ஓட்டி நாம் சேர்த்த அர்த்தம் அது. அதைக் காசு கொடுத்து அழிக்கப்போகிறோமா? அடுத்த வாரம் ஓட்டெடுப்பு. உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் இந்தச் சக்கரம் உருண்டு வரும். வந்தால் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளைகளைக் கேளுங்கள்.