வட்டத்துக்கு ஏது முன்பக்கம்?

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு விருந்தாளிகள் குறைவதே இல்லை. 2025 ஜனவரியில் கேரளப் பள்ளிக் கலோற்சவம் திருவனந்தபுரத்தில் நடந்தபோது, நாகர்கோவில் அண்ணாச்சி (மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர்) காலை வண்டியிலேயே தம்பானூரில் வந்து இறங்கிவிட்டார். கூட வேலை பார்க்கும் மலையாளி நண்பரும் வந்து சேர்ந்தார். எட்டாவது படிக்கும் என் மகளையும் கூட்டிக்கொண்டு, தோசையை உள்ளே தள்ளிவிட்டு, சென்ட்ரல் ஸ்டேடியம் வரை நடந்தே போனோம்.

நம்மூர் பள்ளி ஆண்டுவிழாவை மனசில் வைத்தால் இதன் அளவு பிடிபடாது. 1957-ல் எர்ணாகுளத்தில் ஒரே நாளில் முடிந்த சமாச்சாரம், இப்போது அஞ்சு நாள், 25 மேடை, 249 போட்டி. ஜெயிக்கிற மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. இதை அடகு வைத்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று அண்ணாச்சி அங்கேயே மனக்கணக்குப் போட்டார். தொழில் புத்தி எங்கே போகும்!

முதலில் திருவாதிரைக்களி. (நம்மூரில் இது சாப்பிடுகிற ஐட்டம், இங்கே ஆடுகிற ஐட்டம். வந்த புதிதில் நான் ஏமாந்திருக்கிறேன்.) கசவு கட்டிய பத்துப் பெண்கள், நடுவில் விளக்கு. கைதட்டல் ஒரே சத்தமாக விழுகிறது, குறையே சொல்ல முடியாது. ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. விளக்கு நடுவில் இருக்கிறது, கண்கள் எல்லாம் நடுவர் மேஜையில் இருக்கின்றன. மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம் சிரிப்பு கூடுகிறது. வட்டத்துக்கு ஏதய்யா முன்பக்கம்?

விருதுநகர் பக்கம் எங்கள் ஊரில் முளைப்பாரிக்குக் கும்மி அடிப்பார்கள். ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சுற்றி வருவார்கள். அம்மா பாதியில் போய் நுழைவாள், இடம் விடுவார்கள். அமெரிக்காவில் ஸ்கொயர் டான்ஸ் என்று ஒன்று உண்டு. நாலு ஜோடி சதுரமாக முகம் பார்த்து நிற்க, ஒருவர் அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டும் ஆடுகிறவர்களுக்கான ஆட்டம், வேடிக்கை பார்ப்பவர்களுக்கானது இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், முந்தின வருஷம் என் மகளும் ஒரு பள்ளியின் திருவாதிரைக் குழுவில் ஒரு மாசம் பழகினாள். பிறகு 'உயரம் ஒத்துவரவில்லை' என்று எடுத்துவிட்டார்கள். மார்க் போகுமாம். அழுதது தனிக் கதை. பிள்ளையின் நடன உடுப்புக்கும் மாஸ்டர் ஃபீசுக்கும் வளையலை அடகு வைக்க வந்த அப்பாவுக்கு நானே கடன் கொடுத்திருக்கிறேன். ரசீதில் காரணம் 'வீட்டுச் செலவு'.

நண்பர் விடவில்லை. "சாரே, போட்டி இல்லையென்றால் பளியர் நடனத்தை யார் பார்ப்பார்கள்?" என்றார். நியாயம்தான். மங்கலம்களி, பணியர், இருளர், பளியர், மலைப்புலையர் ஆட்டங்கள் அந்த வருஷம்தான் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டன. குமுளிப் பக்கத்துப் பளியர் பேச்சு தமிழோடு ஒட்டியது. பாட்டில் காதுக்குப் பழகிய சொற்கள் விழ, அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடை கொடுத்தது நல்ல காரியம். அதற்கு மார்க் எதற்கு என்பதுதான் என் கேள்வி. அந்த வருஷம் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. ஒரே பாயிண்டில் கோப்பை போகிற இடத்தில் குள்ளமான பிள்ளையை யார் சேர்ப்பார்கள்? தனிநடனத்துக்குப் போட்டி இருக்கட்டும். வட்ட ஆட்டங்களை மேடையிலிருந்து இறக்கி மைதானத்தில் விடலாம். சுற்றி ஜனம் நிற்கட்டும். கிரேஸ் மார்க் வேண்டுமா, ஆடிய எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

"மாநிலம் பூரா அப்பீல் போடும்" என்று சிரித்தார் நண்பர்.

சாயங்காலம் மகளைக் காணவில்லை. தேடிப் போனால், மேடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கம், ஆடி முடித்த பிள்ளைகள் பாதி வேஷம் கலைத்து, எந்த மாவட்டம் என்றில்லாமல் கைகோத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அடி தப்பித் தப்பி இவளும் நடுவில். கூப்பிட வாயெடுத்தேன். "விடுங்க தம்பி, எனக்கு கடைசி வண்டிக்கு இன்னும் நேரமிருக்கு" என்று அண்ணாச்சி அங்கேயே திண்டில் உட்கார்ந்துவிட்டார்.