எடை குறைஞ்சா வேகம் கூடிருமா?

ஆணி அதிகம் மக்களே. இந்தப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். மதியம் சாப்பிடும்போது நடந்த ஒரு வாக்குவாதம்தான் இழுத்துட்டு வந்துடுச்சு.

மேட்டர் இதுதான். ஸ்விட்சர்லாந்து வீரர் மார்செல் ஹூக் பந்தய சக்கர நாற்காலியில போற வீடியோ ஒண்ணு ஆபீஸ்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு. 2021 நவம்பர்ல ஜப்பானோட ஒய்த்தா நகரத்துல மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 17 நிமிஷம் 47 வினாடியில முடிச்சு உலக சாதனை படைச்சவர். சராசரியா மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓ.எம்.ஆர்ல எங்க கம்பெனி பஸ் இந்த வேகத்துல போய் நான் பார்த்ததில்ல :) வீடியோவைப் பார்த்த நண்பர், "எல்லாம் கார்பன் ஃபைபர் மச்சி, வெயிட்டே கிடையாது. என்னை உக்கார வெச்சாலும் பறப்பேன்"னு ஒரு போடு போட்டார்.

எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. அந்த மனுஷனோட தோளையும் உழைப்பையும் ஒரே வரியில தூக்கிக் குப்பையில போட்டுட்டாரேங்கிற கோபம் பாதி. நானும் ஒரு காலத்துல இதே வசனத்தைப் பேசி அசிங்கப்பட்டவன்ங்கிறது மீதி.

கொசுவத்தி சுத்திக்கிறேன். இப்ப பொட்டி தட்டுறேனே தவிர, படிச்சது மெக்கானிக்கல். கடைசி வருஷ ப்ராஜெக்ட்ல நாங்க நாலு பேர் சேர்ந்து 'எடை குறைந்த விளையாட்டு சக்கர நாற்காலி' பண்ணோம். அலுமினியக் குழாய், சாய்வான சக்கரம், மொத்தம் 11 கிலோ. ஆஸ்பத்திரி நாற்காலியில கிட்டத்தட்ட பாதி எடை. சக்கர நாற்காலி கூடைப்பந்து ஆடுற ஒரு அண்ணன்கிட்ட பெருமையா கொண்டு போனோம். உக்கார்ந்தார். ரெண்டு சுத்து சுத்தினார். "தம்பி, இது யார் அளவுக்குப் பண்ணது?"ன்னு கேட்டார். எங்க ரூம்மேட் அளவுக்குண்ணே. "அதான். நான் திரும்பினா முதல்ல என் உடம்பு திரும்புது, அப்புறமா நாற்காலி வருது. லூசான செருப்பைப் போட்டுக்கிட்டு நீங்க ஓடுவீங்களா?"

நாலு பேருக்கும் வாயடைச்சுப் போச்சு. தராசுல வெச்சு எடை பார்த்தோமே தவிர, உக்காரப் போறவரோட இடுப்பை அளக்கலை. ஏன்னா அந்த ஆறு மாசத்துல அவரை மாதிரி ஒருத்தரைக்கூட நாங்க போய்ப் பார்க்கலை. இதை இன்னிக்கு எழுதும்போதும் கூச்சமா இருக்கு.

சரி, கொஞ்சம் கணக்கு. ஆள் 60 கிலோ, பந்தய நாற்காலி 9 கிலோன்னு வெச்சுக்குவோம். ஒரு கிலோ குறைச்சா மொத்த எடையில ஒண்ணரை சதவீதம்கூட குறையாது. கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் அது உதவும், மறுக்கலை. ஆனா சமதரையில வேகம் புடிச்ச பிறகு முக்கிய எதிரி காத்துதான். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு, அதைத் தள்ளத் தேவைப்படுற திறன் எட்டு மடங்கு. அதனாலதான் வீரர்கள் முட்டி போட்டு, முதுகை மடிச்சு, தலையைக் குனிஞ்சு அம்பு மாதிரி போறாங்க.

அடுத்தது விறைப்பு. பின்சக்கரம் ரெண்டும் மேல்பக்கம் உள்ள சாய்ஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவை கையால வளையத்தை அடிக்கும்போதும் சட்டம் லேசா வளைஞ்சு கொடுத்தா, சக்கரங்கள் ஒண்ணுக்கொண்ணு இணையா இல்லாம விலகும். பார்த்தா கண்ணுக்கே தெரியாது. ஆனா டயர் தரையில தேய ஆரம்பிச்சுடும், கையோட பலம் அதுலயே வீணாகும். கார்பன் ஃபைபரோட பெரிய லாபம் இங்கதான். எடையைக் குறைச்சும் விறைப்பைக் கூட்டலாம், அதுவும் எந்தத் திசையில வேணுமோ அந்தத் திசையில.

ஹூக் டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல (2021ல நடந்தது) நாலு தங்கம் வாங்கின நாற்காலியை ஸ்விஸ் பாராப்ளீஜிக் அறக்கட்டளையோட ஆர்த்தோடெக் நிறுவனமும், ஃபார்முலா ஒன் புகழ் சௌபரும் சேர்ந்து உருவாக்குனாங்க. அதுக்கு முன்னாடி 2016 ரியோவுக்கு அமெரிக்க அணிக்காக பி.எம்.டபிள்யூ பண்ணதும் இதே வழிதான். வீரரோட உடம்பை முப்பரிமாணத்துல ஸ்கேன் பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி இருக்கையும் கையுறையும். ஆளை அளந்த பிறகுதான் நாற்காலியே. எங்க ப்ராஜெக்ட் தலைகீழ் :(

இப்ப என் கட்சி. "இது தொழில்நுட்ப ஊக்கமருந்து, தடை பண்ணு"ன்னு ஒரு கோஷ்டி சொல்லுது. எனக்கு உடன்பாடு இல்ல. விதி ஏற்கெனவே கறாராத்தான் இருக்கு. பின்சக்கரம் 70 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, முன்சக்கரம் 50. கியர் கிடையாது, தள்ள நெம்புகோல் கிடையாது. கைதான் எஞ்சின். செயற்கைக் கால் சமாச்சாரத்துலயும், 2020ல அமெரிக்காவோட பிளேக் லீப்பர் வழக்கு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனப்ப, சண்டை பிளேடோட எடையைப் பத்தி இல்ல, நீளத்தைப் பத்தி. எதுல நியாயமில்லாத லாபம் வருதோ அதை அளந்து கட்டுப்படுத்தலாம். லேசா இருக்குங்கிறதுக்காகக் குத்தம் சொல்ல முடியாது.

என் பயம் வேற. பொருள் கடையில கிடைக்குதுங்கிறதும், வாங்க முடியுதுங்கிறதும் ஒண்ணா? 2024 பாரிஸ்ல இந்தியாவுக்கு 29 பதக்கம். அதுல நம்ம தமிழ்நாட்டுக்காரங்க நாலு பேர்: மாரியப்பன், துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. பெருமைதான். ஆனா அந்த 29ல சக்கர நாற்காலிப் பந்தயத்துல ஒண்ணுகூட இல்ல. நம்மகிட்ட தோள் வலு உள்ளவங்க இல்லாமலா போயிட்டாங்க? உக்காந்து எறியுற போட்டிக்கான இருக்கையை ஒரு நல்ல வெல்டிங் பட்டறையில பண்ணிடலாம். பந்தய நாற்காலியை அப்படிப் பண்ண முடியாது. நம்மாளு எங்க ஜெயிக்கலாம்ங்கிறதைக் கருவியோட விலையும் சேர்ந்து தீர்மானிக்குதுன்னுதான் எனக்குத் தோணுது.

அதுக்காக நாளைக்கே காத்துச் சுரங்கம் கட்டச் சொல்லலை. இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஏரியல் ராசின்னு ஒரு வீராங்கனை, பொறியியல் மாணவிகூட இல்ல, வணிகவியல். வகுப்புல சொல்லிக் கொடுத்த ஸ்கேனரை வெச்சு தன்னோட பந்தயக் கையுறையை ஸ்கேன் பண்ணி முப்பரிமாண அச்சுல எடுத்தாங்க. அப்புறம் அதையே மத்த வீரர்களுக்கும் பண்ணிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதே மாதிரி அச்சு இயந்திரம் இன்னிக்கு நம்ம ஊர்க் கல்லூரி பலதுலயும் தூசி படிஞ்சு கிடக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல ஆளுக்கேத்த அளவுல 'நியோஃப்ளை' சக்கர நாற்காலி பண்ணிக் காட்டிட்டாங்க. அது பந்தயத்துக்கானது இல்லதான். ஆனா அளந்து பண்ற பழக்கம் வந்தாச்சு. அங்கேர்ந்து பந்தயத்துக்குப் போறது ஒரு படிதான், பெரிய படி.

கல்லூரியில ப்ராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சிகள் யாராவது இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு. முதல் நாள் பொருள் பட்டியல் போடாதீங்க. ஒரு வீரரைப் போய்ப் பாருங்க. ஆட்டத்தைப் பாருங்க, இடுப்பை அளங்க, எங்க வலிக்குதுன்னு கேளுங்க. எடையை அப்புறம் குறைச்சுக்கலாம்.

டிஸ்கி: அந்த 11 கிலோ நாற்காலிக்கு எங்களுக்கு நல்ல மார்க்தான் கிடைச்சுது. அந்த அண்ணன் ஒரு தடவைகூட அதுல ஆடலை.