நுணாவுக்கு இடம் தந்த கவிஞர்



ஆங்கில வழிப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளிடம் 'டாஃபடில்' மலரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஏரிக்கரையில் காற்றில் ஆடிய மஞ்சள் மலர்க் கூட்டத்தைக் குறித்து வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையைப் பலர் தடையின்றி ஒப்புவிப்பர். அடுத்து, பள்ளிக்குச் செல்லும் வழியில் நிற்கும் மரங்களின் பெயரைச் சொல்லுமாறு கேளுங்கள். வேம்பு, புளி என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவோர் பலர். குறை பிள்ளைகளுடையதன்று, சுட்டிக் காட்ட வேண்டிய நாம் காட்டவில்லை.

சுட்டிக் காட்டும் தொழிலையே தம் கவிதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தமிழில் இருந்தார். 'தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்' என்று புகழப்பட்ட கவிஞர் வாணிதாசன் அவர். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1915-ஆம் ஆண்டு பிறந்தார். அரங்கசாமி என்னும் எத்திராசலு என்பது இயற்பெயர். பாரதிதாசனிடம் பாடம் கேட்ட மாணவர், தாமும் ஆசிரியரானவர். தமிழோடு தெலுங்கு, ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளையும் கற்றுத் தேர்ந்தவர். பிரெஞ்சு அரசு அவருக்குச் 'செவாலியர்' விருது அளித்துச் சிறப்பித்தது. 1974-இல் மறைந்தார்.

அவர் இயற்றிய நூல்கள் பல. தமிழச்சி, கொடிமுல்லை என்பன கதை தழுவிய காப்பியங்கள். தொடுவானம், எழிலோவியம், எழில் விருத்தம் ஆகியவற்றின் பெயர்களே அவர் நெஞ்சம் எதில் தோய்ந்திருந்தது என்பதை அறிவிக்கின்றன. சிறுவர்க்கென்று குழந்தை இலக்கியமும் படைத்தார். ஆசிரியர் பாரதிதாசன் 1944-இல் 'அழகின் சிரிப்பு' என்னும் நூலில் இயற்கையைப் பாடித் திறந்துவைத்த வழியில், மாணவர் வெகுதொலைவு நடந்தார் எனலாம்.

வேர்ட்ஸ்வொர்த்தோடு அவரை ஒப்பிட்டது பொருத்தமற்றதன்று. 1798-இல் கோல்ரிட்ஜ் என்னும் நண்பருடன் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுதியை வெளியிட்ட அந்த ஆங்கிலக் கவிஞர், 1800-இல் அதற்கு எழுதிய முன்னுரையில், எளிய நாட்டுப்புற மக்களின் வாழ்வும் மொழியுமே கவிதைக்குத் தக்கவை என்று வாதாடினார். அரண்மனையையும் அணங்குகளையும் பாடிய காலத்தில் அது பெருந்துணிவு. எனினும், ஒப்புமை கூறுவதோடு நாம் நின்றுவிட்டால் நம் கவிஞரின் தனித்தன்மை மறைந்துபோகும்.

அத்தனித்தன்மையை ஒரு பாடலில் காணலாம். தொடுவானம் நூலில் உள்ள 'ஓடை' என்னும் அப்பாடல், தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றது. கல்லில் உருண்டு ஓடும் நீரின் ஒலியைக் கேட்ட கவிஞர், இந்த ஓடை எந்தப் பள்ளியில் பாடக் கற்றது என்று வியக்கிறார். பள்ளி ஆசிரியருக்கன்றோ இக்கேள்வி எழும்! ஆனால் வியப்போடு அவர் நிற்கவில்லை. அந்த நீர் நன்செய்க்கும் புன்செய்க்கும் பாய்கிறது. மக்களின் வறுமையை ஓட்டுகிறது. நெஞ்சில் ஈரமில்லாதவர் வெட்கும்படி ஓயாது உழைத்துக் கொடுக்கிறது. உலக்கை குத்தும் பெண்களின் வள்ளைப் பாட்டோடு அதன் ஓசையும் கலக்கிறது. அழகை அவர் உழைப்பிலிருந்தும் உணவிலிருந்தும் பிரிக்கவில்லை. அவர் ஓடைக்கரையில் நிற்பவர் ஓய்வு நாடி வந்த வழிப்போக்கர் அல்லர். நீரை நம்பி வாழும் குடியானவர்.

அவருடைய மற்றொரு நூலின் பெயர் 'சிரித்த நுணா'. நுணாவா, அது என்ன மரம் என்று கேட்போர் நம் திண்டுக்கல் சமவெளியில் உண்டு. மஞ்சணத்தி என்றால் முதியோர் உடனே அறிவர். மானாவாரிக் காட்டின் வரப்பிலும் ஊர்ப் பொது நிலத்திலும் யாரும் நடாமலே முளைத்து நிற்கும் மரம். வெண்ணிற மலர்; இனிய மணம்; கருத்த பழம்; வெட்டினால் உள்ளே மஞ்சள் நிறம். உழவர் அதில் நுகத்தடி செய்தனர். வேரிலிருந்து சாயம் எடுத்தனர். சங்கப் புலவர் இதனை நுணவம் என்றனர். தலைவன் வரவில்லை, நுணவம் மணக்கும் இளவேனில் மட்டும் வந்துவிட்டது என்று ஐங்குறுநூற்றில் ஒரு தலைவி வருந்துகிறாள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அச்சொல்லைக் கவிஞர் ஒரு நூலின் முகப்பில் ஏற்றிவைத்தார். தாமரைக்கும் மல்லிகைக்கும் கிடைத்த இடம் வரப்போரத்து நுணாவுக்கும் கிடைத்தது.

இங்கே இன்னோர் ஆங்கிலக் கவிஞரை நினைவுகூர்தல் தகும். ஜான் கிளேர் (1793–1864) பண்ணைக் கூலியாளின் மகன். தாமும் கூலி வேலை செய்தவர். 1820-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலை இலண்டன் மாநகரம் விரும்பி வாங்கியது. 'உழவர் கவிஞர்' என்று புகழ்ந்தது. அதே காலத்தில், அவர் ஊரின் பொது மேய்ச்சல் நிலங்கள் சட்டப்படி வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. அவர் பெயர் சொல்லிப் பழகிய மரங்கள் வீழ்ந்தன. ஓடைகள் திசை மாறின. அத்துயரை அவர் பாடினார். ஆனால் நகரத்தாரின் ஆர்வம் அதற்குள் தணிந்துவிட்டது. பின்வந்த நூல்கள் போதிய அளவு விற்கவில்லை. வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளுக்கு மேல் மனநோய் விடுதியில் கழித்து மறைந்தார். பட்டம் தருவது எளிது; நூலை வாங்கிப் படிப்பதும், அது சொல்லும் நிலத்தைக் காப்பதுமே கடினம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

நம் நிலைமை என்ன? மேற்கு மலைச் சரிவில் பிறந்து, வேடசந்தூர் வழியே வடக்கு நோக்கிச் சென்று, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கும் குடகனாறு நம்முடைய ஓடை. ஆண்டில் பல மாதங்கள் அதில் மணலையும் முட்புதரையுமே காண்கிறோம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளைக் கெடுத்த கதையையும் நாம் அறிவோம். மஞ்சணத்தி நின்ற இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. பெயர் தெரியாத மரம் வெட்டப்படும்போது யாருக்கும் வலிப்பதில்லை. இலக்கியம் இங்கேதான் வாழ்வோடு தொடர்பு கொள்கின்றது.

ஆகவே, பெற்றோர்களே, வாணிதாசன் நூல்களுள் ஒன்றையேனும் நூலகத்திலிருந்து எடுத்து வாருங்கள். இரவு உணவுக்குப் பின் ஒரு பாடலைப் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் பாட்டியையும் உடன் அழைத்துக்கொண்டு ஊர் எல்லை வரை நடந்து செல்லுங்கள். மரங்களின் பெயரைப் பாட்டி சொல்லட்டும். பேரப்பிள்ளை ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். மஞ்சணத்திக் கன்று ஒன்று வரப்பில் தென்பட்டால், அதனைச் சுற்றி நான்கு முள்ளை நட்டு ஆடு கடிக்காமல் காத்துவிட்டு வாருங்கள்.