வீல் பேரிங்: பில் இல்லாம வாங்கினா 360 ரூபாய் மிச்சமா?

கார் பின்பக்கத்துல 'ஊ...'ன்னு ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடுது. டயர் சத்தம்னு நினைச்சு, பாட்டு வால்யூமை ஏத்திவிட்டுட்டு மேலூர் ரோட்டுல போயிட்டிருக்கீங்களா? ஜாக்கி வெச்சுத் தூக்கி, பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ஆட்டம் இருந்தாலோ, கையால சுத்தும்போது கரகரன்னாலோ பெரும்பாலும் வீல் பேரிங்தான். முத்தவிட்டா சக்கரத்துக்கே ஆபத்து. தள்ளிப்போடற செலவு இல்லை.

நான் பேச வந்தது பில் பற்றி. மாட்டுத்தாவணின்னு இல்லை, எந்த ஊர் ஒர்க்‌ஷாப்லயும் இந்த வசனம் வரும்: "பில் வேணாம்னா வரி மிச்சம் சார்." மத்த பாகங்களுக்கு எப்படியோ, பேரிங்குக்கு இது மோசமான பேரம் என்பது என் கருத்து.

2025 செப்டம்பர் 22-லிருந்து எல்லா ஆட்டோ பாகங்களுக்கும் ஒரே 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். அதுக்கு முன்னாடி பல பாகங்களுக்கு 28. வரிக்கு முன்னால 2,000 ரூபாய் பேரிங்னு வெச்சுக்கோங்க, பில்லோட 2,360. ஆக, அதிகபட்ச மிச்சம் 360.

அந்த 360-க்கு எதை விட்டுக்கொடுக்கறீங்க? பேரிங் மூடின பொருள். உள்ளே இருக்கிற குண்டும் கிரீஸும் கண்ணுக்குத் தெரியாது. டப்பாவையும் முத்திரையையும் அப்படியே காப்பியடிச்ச போலிகள் சந்தையில உண்டு. எஸ்.கே.எஃப். நிறுவனம் போட்டோ அனுப்பி சரிபார்க்கவே தனி செயலி வெச்சிருக்குன்னா பார்த்துக்கோங்க. தாவணின்னா மாட்டுச் சந்தை. அங்கே மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்கலாம். பேரிங்குக்கு ஏது பல்?

அடுத்தது, மாட்டுற விதம். சில கார்ல ஹப்போட சேர்ந்தே வரும். போல்ட் கழற்றி மாட்டினா முடிஞ்சது. சிலதுல பிரஸ் மெஷின்லதான் ஏத்தணும். சுத்தியலால தட்டி ஏத்தினா உள்ளே சின்னச் சின்னப் பள்ளம் விழும், சத்தம் சீக்கிரமே திரும்பி வரும். அப்போ கடைக்காரர் "மாட்டினது சரியில்லை"ம்பார், மெக்கானிக் "பொருள் சரியில்லை"ம்பார். ரெண்டாவது கூலி உங்க தலையில. அதனால பொருளும் கூலியும் ஒரே இடத்துல, ஒரே பில்லுல இருக்கட்டும். அதுல பார்ட் நம்பர், தேதி, கிலோமீட்டர் மூணும் எழுதச் சொல்லுங்க.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன ஒர்க்‌ஷாப்பா? தாராளமா போங்க. வரி இல்லாத சாதா பில்லும் பில்தான். ஆனா பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி.ன்னு ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது.

"இன்சூரன்ஸ் இருக்கே, ஜீரோ டெப் வேற போட்டிருக்கேன்"னு சொல்றவங்களுக்கு: தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் பாலிசியில விலக்கு. ஜீரோ டெப் விபத்து க்ளெய்முக்குத்தான். பள்ளத்துல இறங்கி அடிபட்டதுன்னு க்ளெய்ம் பண்ண வழி இருந்தாலும், நோ க்ளெய்ம் போனஸைக் கணக்குப் போட்டுட்டு இறங்குங்க. ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, போனஸ் 50 சதவீதம்னா அடுத்த வருஷம் 4,000 ரூபாய் போச்சு.

தொழில் பண்றவங்களுக்கு ஒரு வரி. 13 பேர் வரை உட்காரும் கம்பெனி காரோட ரிப்பேருக்கு இன்புட் கிரெடிட் பொதுவா கிடையாது; பயணிகளை ஏத்திச் செல்றதே தொழிலா இருக்கிறவங்க கதை வேற. வருமான வரியில, தொழிலுக்கு ஓடின அளவுக்குச் செலவாக் காட்டலாம். அதுக்கும் முதல்ல கேட்கப்போறது அந்த பில்லைத்தான்.