செயப்படுபொருளின் குரல்: சாத்தை வாசிப்பது குறித்து

எங்கள் துறையின் வாசிப்பு வட்டத்தில் சென்ற பருவத்தில் மார்க்கி தெ சாத்தின் ‘சோதோமின் 120 நாட்கள்’ நூலிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொண்டோம். நூலைப் பரிந்துரைத்தவன் நான். பகுதிகளைத் தேர்ந்தவனும் நானே. இரண்டாம் அமர்வின் நடுவே முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்து வெளியே சென்றார். இலக்கியத்தை ஒழுக்க அளவுகோல் கொண்டு அளப்பவர்களுக்கு இத்துறை உகந்ததன்று என்று அப்போது நான் சொன்னேன். சிலர் சிரித்தனர். மறுநாள் அம்மாணவியிடமிருந்து ஒரே ஒரு வினா மின்னஞ்சலில் வந்தது: அந்நூலில் வதைக்கு உள்ளாகிறவர்களுள் எவரேனும் தம் கதையைத் தாமே சொல்லும் இடம் உண்டா? உண்டெனில் பக்க எண் தர இயலுமா?

நூலை மீண்டும் முழுவதுமாகப் புரட்டினேன். என்னால் பக்க எண் தர இயலவில்லை. இப்பதிவு அவ்வினாவுக்கு நான் எழுதும் காலம் கடந்த மறுமொழி.

சாத் குறித்த விவாதம் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக இரண்டே நிலைப்பாடுகளுக்கிடையே ஊசலாடி வருகிறது. ஒன்று, இந்நூல்கள் மனித மனத்தைக் கெடுக்கும் நஞ்சு, ஆகவே தடுக்கப்பட வேண்டும் என்பது. மற்றொன்று, இவை கட்டற்ற கற்பனையின் உச்சம், ஆகவே போற்றப்பட வேண்டும் என்பது. இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினும் ஒரே குறையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதே என் கருத்து.

முதலில் தடையின் வரலாற்றைப் பார்ப்போம். 1785 அக்டோபர் 22 அன்று பாஸ்டில் சிறையில் சாத் இந்நூலைப் படியெடுக்கத் தொடங்கினார். சிறு தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள சுருளாக்கி, அதன் இரு பக்கங்களிலும் நுண்ணிய கையெழுத்தில் 37 நாட்களில் எழுதி முடித்தார். 1789 ஜூலை 4 அன்று அவர் ஷரந்தோன் மனநல விடுதிக்கு மாற்றப்பட்டபோது சுருள் அறையிலேயே தங்கிவிட்டது. பத்து நாட்களில் பாஸ்டில் வீழ்ந்தது. தம் எழுத்து அழிந்துவிட்டதென்றே நம்பி 1814இல் அவர் இறந்தார். ஆனால் சுருள் அழியவில்லை. கைமாறிக் கைமாறி ஜெர்மனியை அடைந்து, 1904இல் ஐவான் பிளோக் என்னும் பாலியல் ஆய்வாளரால் முதன்முறை அச்சேறியது. பின்னர் பிரான்சுக்குத் திரும்பி, 1982இல் களவு போய், சுவிட்சர்லாந்தில் விற்கப்பட்டு, நீண்ட வழக்குகளைக் கடந்து, 2017இல் பிரெஞ்சு அரசால் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் 45.5 லட்சம் யூரோ விலையில் பிரான்சின் தேசிய நூலகத்தை வந்தடைந்தது. எழுதியவரைச் சிறையிலிட்ட நாடே அவர் எழுதியதை விலை கொடுத்து வாங்கிப் பேணுகிறது.

இடையில் பதிப்பாளர் ழான்-ழாக் போவேர் மீது 1956 இறுதியில் பாரிசில் வழக்கு நடந்தது. பத்தாய், கொக்தோ, பிரெத்தோன், பொலான் ஆகியோரின் சான்றுரைகள் அவருக்கு ஆதரவாக வைக்கப்பட்டன. எனினும் அடுத்த ஆண்டு தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. 1990இல் அதே ஆசிரியரின் படைப்புகள் பிரெஞ்சுச் செவ்வியல் வரிசையான பிளெயாதில் இடம்பெறத் தொடங்கின. தடை எந்த நூலையும் மறையச் செய்வதில்லை. அதற்கொரு வீரக்கதையை மட்டுமே சேர்த்துத் தருகிறது. இவ்வளவில் நான் தடையை எதிர்ப்பவர்களோடு நிற்கிறேன், இன்றும் நிற்கிறேன்.

இனி போற்றுவோர் தரப்பு. சாத் முடியாட்சி, குடியரசு, நெப்போலியன் ஆட்சி ஆகிய மூன்றின் கீழும் சிறைப்பட்டவர். வாழ்நாளில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் அடைபட்டே கழித்தவர். வின்சேன் கோட்டையிலும் பாஸ்டிலிலும் அவரை அடைத்து வைத்தது நீதிமன்றத் தீர்ப்பன்று, அரச முத்திரையிட்ட ஓர் ஆணை. அதன் பின்னால் இருந்தது அவர் மாமியாரின் முயற்சி. இத்தகைய அநீதிக்கு உள்ளானவரை விடுதலையின் உருவமாகக் காண்பது எளிது. அப்போலினேரும் சர்ரியலிசக் கவிஞர்களும் அவ்வாறே கண்டனர்.

ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு பெயர் உண்டு: ரோஸ் கெல்லர். 1768 ஈஸ்டர் ஞாயிறன்று பாரிசின் ஒரு சதுக்கத்தில் பிச்சை கேட்டு நின்ற, வேலையிழந்த நூல்நூற்பாளர், கணவனை இழந்தவர். வீட்டு வேலை தருவதாகச் சொல்லி சாத் அவரை ஆர்க்கேய் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார் என்றும், அங்கே அடைத்து வைத்துச் சாட்டையால் அடித்தார் என்றும் அவர் வாக்குமூலம் அளித்தார். சன்னல் வழியே தப்பி ஊரார் உதவியை நாடினார். வந்த நோக்கம் அவருக்குத் தெரியும் என்பது சாத்தின் மறுப்பு. இறுதியில் 2400 லீவர் தரப்பட்டது. முறையீடு திரும்பப் பெறப்பட்டது. பிரபு சில மாதங்களில் விடுதலையானார்.

என் வாசிப்பு வட்டத்துக்கென நான் ஆயத்தம் செய்த ஆறு பக்கக் குறிப்பில் பாஸ்டில் இருந்தது, சுருள் இருந்தது, போவேர் வழக்கு இருந்தது. ரோஸ் கெல்லர் இல்லை. இந்த விடுபடல் தற்செயலானதன்று.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் நூலின் உள்ளே இவ்விடுபடல் எப்படி இயங்குகிறது என்பதைச் சுட்ட விரும்புகிறேன். நூலின் தலைவர்கள் நால்வர்: ஒரு பிரபு, அவருடைய தம்பியான ஓர் ஆயர், ஒரு நீதிபதி, ஒரு நிதியாளர். பதினான்காம் லூயியின் போர்களால் செல்வம் சேர்த்தவர்கள். குருதி உரிமை, திருச்சபை, சட்டம், பணம் என அன்றைய அதிகாரத்தின் நான்கு தூண்களும் இங்கே உள. இந்நால்வரும் கருங்காட்டில் சிலிங் என்னும் கோட்டைக்குள் தம்மை அடைத்துக்கொள்கின்றனர். அனுபவம் மிக்க நான்கு பெண்கள் நாள்தோறும் கதை சொல்கின்றனர், கேட்டவை செயல்களாகின்றன. அதாவது, அக்கோட்டையில் சொல் முதலில் வருகிறது. வதை அதைப் பின்தொடர்கிறது.

1971இல் வெளிவந்த தம் நூலில் ரோலான் பார்த் சாத்தை ஒரு புதிய மொழியை நிறுவியவர் என்று மதிப்பிட்டார். அவ்வுலகில் ஆள்பவனையும் ஆளப்படுபவனையும் பிரிப்பது பேச்சுரிமையே என்பதையும் கூர்மையாகக் கண்டுகொண்டார். நம் இலக்கணத்தின் சொற்களில் கூறினால், நால்வரே எழுவாய். கடத்திக் கொணரப்பட்டோர் யாவரும் செயப்படுபொருள். அவர்களுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, விலைப்பட்டியல் போன்ற வருணனை உண்டு. கதை மட்டும் இல்லை. சோஃபி என்னும் பாத்திரம் இறந்த தன் தாயை நினைத்து அழுது மன்றாடும் இடம் ஒன்று வருகிறது. அம்மன்றாட்டுங்கூட நால்வரின் களிப்பைப் பெருக்குவதற்கே நூலில் பயன்படுகிறது. கதைசொல்லும் பெண்கள் நால்வரும் இறுதியில் உயிரோடு பாரிசு திரும்புகின்றனர். நூலின் முதற்பகுதி மட்டுமே முழுமையாக எழுதப்பட்டது. எஞ்சிய மூன்றும் எண்ணிட்ட குறிப்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. முடிவில் ஒரு கணக்கு: கொல்லப்பட்டோர் 30, திரும்பியோர் 16, மொத்தம் 46. மனிதர்களில் தொடங்கிய வாக்கியம் கூட்டல் கணக்கில் முடிகிறது.

இதைக் காரணம் காட்டியே இந்நூலைப் படிக்க வேண்டும் என்று வாதிட இயலும். அதிகாரம் தன்னைத் தடுப்பார் எவருமிலர் என்று உணரும்போது மொழி எவ்வாறு கணக்கேடாகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நூல்கள் மிகச் சில. அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் அறிவொளிக் காலத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டச் சாத்தின் ‘ஜூலியெத்’தை எடுத்துக்கொண்டதும், பாசோலினி 1975இல் இக்கதையைப் பாசிச இத்தாலிக்கு இடம்பெயர்த்துத் திரைப்படமாக்கியதும் இதனாலேயே. ஆயின், அவ்வாறு படிப்பதற்கு வாசகர் பட்டியலின் மறுபுறம் நின்று படிக்க வேண்டும். நாங்கள் வாசிப்பு வட்டத்தில் நால்வரின் இருக்கையில் அமர்ந்து படித்தோம்.

பெண்ணியச் சிந்தனையாளர்கள் இதை நெடுங்காலமாகவே சொல்லிவருகின்றனர், ஒரே குரலில் அன்று. சிமோன் தெ பொவ்வார் சாத்தை எரிக்க வேண்டுமா என்னும் வினாவையே தலைப்பாக்கி, எரிக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் தேர்ந்த அறத்தை விசாரிக்காமல் விடவும் இயலாது என்னும் திசையில் எழுதினார். ஏஞ்சலா கார்ட்டர் சாத்திடம் பெண்ணுக்கும் பயன்படத்தக்க கருவிகள் சில உண்டு என வாதிட்டார். ஆண்ட்ரியா டுவார்க்கின் அதைக் கடுமையாக மறுத்து, ரோஸ் கெல்லர் போன்றோரை வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் எவ்வளவு எளிதில் ஒதுக்கித் தள்ளினர் என்பதைச் சுட்டினார். டுவார்க்கினின் முடிவுகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சுட்டு என் ஆறு பக்கக் குறிப்பின் மீதும் விழுகிறது.

இந்தியாவில் இவ்விவாதம் பெரும்பாலும் ‘ஆபாசம்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் முடங்கிவிடுகிறது. லாரன்சின் ‘சாட்டர்லி சீமாட்டியின் காதலன்’ நூலை விற்ற கடைக்காரர் ரஞ்சித் உதேஷி வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹிக்ளின் அளவுகோல், நூல் வாசகரின் மனத்தைக் கெடுக்குமா என்று மட்டுமே வினவியது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் அது கைவிடப்பட்டுச் சமூகத்தின் சமகால அளவுகோல் அவ்விடத்துக்கு வந்தது. இரண்டிலுமே இன்பத்தை எழுதுவதற்கும் வதையை எழுதுவதற்கும் இடையிலான வேறுபாட்டுக்குத் தனியிடம் இல்லை.

சாத் பிறந்தது 1740இல். அதே நூற்றாண்டில் தஞ்சையில் பிரதாபசிம்மன் அவையில் முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ இயற்றினார். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே எழுவாயாக நின்று பாடிய நூல் அது. 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்தபோது ஆபாசமெனத் தடைசெய்யப்பட்டது. 1947இல்தான் தடை நீங்கியது. ஆண் புலவர்களின் சிருங்காரத்துக்கு இல்லாத கண்டனம் பெண்ணின் சிருங்காரத்துக்கு மட்டும் ஏன் என்று அவர் கேட்டார். ‘யார் பேசுகிறார்’ என்பதையே அவ்வினா மையப்படுத்தியது. முத்துப்பழனியையும் சாத்தையும் ஒரே சட்டத் தொடரால் அடைக்கும் அளவுகோல், இரண்டையும் வாசிக்கத் தெரியாத அளவுகோல். அவ்விருவரையும் ‘மீறல் இலக்கியம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்ப் பாராட்டும் எங்கள் பாடத்திட்ட மொழியும் அதற்கு மாற்றுக் குறைந்ததன்று.

தணிக்கை செய்வோர் வாசகரின் தூய்மையைப் பற்றிக் கவலைப்படுகின்றனர். போற்றுவோர் ஆசிரியரின் சுதந்திரத்தைப் பற்றிக் கவலைப்படுகின்றனர். செயப்படுபொருளாக்கப்பட்டவரைப் பற்றி இரு தரப்பும் வினவுவதில்லை. நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட பொதுக்குறை இதுவே.

நம் அன்றாடத் தமிழில் ‘சாடிஸ்ட்’ என்னும் சொல் சரளமாகப் புழங்குகிறது. கடுமையான ஆசிரியரையும் அச்சொல்லால் வைகிறோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உளமருத்துவர் கிராஃப்ட்-எபிங் மருத்துவக் கலைச்சொல்லாக நிலைநிறுத்திய அச்சொல்லின் வழியே, சாத்தின் பெயர் அவரைக் கேள்விப்பட்டிராத கோடிக்கணக்கானோரின் நாவில் வாழ்கிறது. ரோஸ் கெல்லரின் பெயர் வாக்குமூலத் தாளில் கிடக்கிறது. அவ்விரண்டையும் ஒரே மேசையில் வைப்பது வகுப்பறையின் பணி.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பவை எளியவை. சாத்தைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டாம். வாசிக்கவிருப்பது இன்னதென்று மாணவர்க்கு முன்கூட்டியே தெரிவிப்போம்; விலகுவோருக்கு மாற்றுப் பாடம் தருவோம்; விலகியதைக் கோழைத்தனமென எண்ணாதிருப்போம். தாமே தேர்ந்த வாசிப்பே வாசிப்பு. கட்டாயப்படுத்தி ஓர் அறையில் அமரவைத்துக் கேட்கச் செய்வது எந்தக் கோட்டையின் வழக்கம் என்பதை இந்நூலைப் படித்த நாமேனும் அறிந்திருக்க வேண்டும். ரோஸ் கெல்லர் வழக்கின் ஆவணங்களை நாவலோடு சேர்த்தே வைப்போம்.

அம்மாணவியிடம் நேரில் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அடுத்த பருவத்துக்கான குறிப்பை இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். அதன் முதற்பக்கத்தை ரோஸ் கெல்லரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள், குறிப்பாக இத்தகைய நூல்களைப் பாடம் நடத்திய பேராசிரியர்கள், தம் பட்டறிவைக் கீழே எழுதினால் அக்குறிப்புக்கு உதவியாக இருக்கும்.