மின்னி மறையும் சிவப்பு விளக்கு: டிராக்டரில் பழுது எங்கே இருக்கிறது?

கேள்வி: "எங்கள் டிராக்டருக்குப் பத்து வயது. சேற்றுழவு ஓட்டும்போது மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு திடீரென்று எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. சில நாள்களில் ஆயில் விளக்கும் கூடவே மின்னுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே எரிவதில்லை. அவர்கள் சொன்னபடி பேட்டரியை மாற்றினோம், பிறகு டைனமோவையும் மாற்றினோம். அப்படியும் தீரவில்லை. சம்பா நடவு நெருங்குகிறது. இன்னும் என்ன செலவு செய்வது?"

- வாசகர், படூர், செங்கல்பட்டு மாவட்டம்.

பதில்: புதிய பொருள் எதையும் வாங்க வேண்டாம். பேட்டரி, டைனமோ இரண்டும் மாற்றிய பிறகும் விளக்கு எரிகிறது என்றால், பெரும்பாலும் பழுது அவற்றுக்கு இடையே ஓடும் வயரிலும் இணைப்புகளிலும்தான் இருக்கும். ஆனால், அதைத் தேடுவதற்கு முன் ஆயில் விளக்கை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், உடனே எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு சால்தானே" என்று ஓட்டக் கூடாது. உண்மையிலேயே ஆயில் அழுத்தம் குறைந்திருந்தால், சில நிமிடங்களில் கிராங்க் பேரிங் தேய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நிறுத்திய பிறகு வண்டியைச் சமதளத்தில் வைத்து, பத்து நிமிடம் கழித்து அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்தால், சேற்றில் வண்டி சாயும்போது பம்புக்கு ஆயில் எட்டாமல் விளக்கு எரியலாம். அளவு சரியாக இருந்தும் மறுபடி எரிந்தால், மெக்கானிக்கிடம் அழுத்த மீட்டர் பொருத்தி உண்மையான அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரி என்று தெரிந்த பிறகே வயரைக் குறை சொல்ல வேண்டும்.

விளக்கு எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலான டிராக்டர்களில், எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் சிறிய சுவிட்சிலிருந்து ஒரே ஒரு வயர் ஆயில் விளக்குக்குப் போகிறது. அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் அந்த வயரை எஞ்சின் உடம்போடு சேர்த்துவிடும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் பிரித்துவிடும், விளக்கு அணையும். சார்ஜ் விளக்கின் ஒரு முனை சாவி சுவிட்சிலும் மறுமுனை டைனமோவின் மெல்லிய வயரிலும் இருக்கிறது. டைனமோ சுற்றாதபோது அந்தப் பக்கம் மின்னழுத்தம் இல்லாததால் விளக்கு எரியும். சுற்றி மின்சாரம் தரத் தொடங்கியதும் இரண்டு முனையும் சமமாகி விளக்கு அணையும்.

ஆகவே, இந்த இரண்டு வயர்களில் எது தோல் உரிந்து எஞ்சின் இரும்பில் பட்டாலும் அதற்குரிய விளக்கு எரியும். பல வண்டிகளில் இரண்டு வயரும் ஒரே கட்டாக எஞ்சின் ஓரமாகவே வருகின்றன. இரண்டு விளக்கும் சேர்ந்து மின்னினால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் அந்த வயர் கட்டு. அடுத்தது, மீட்டர் போர்டின் பின்னால் உள்ள சாக்கெட். சேற்றுழவில் அதிர்வும் சூடும் ஈரமும் சேருவதால் வயர் பட்டு விலகுகிறது. பட்டறையில் வண்டி அசையாமல் நிற்பதால் எதுவும் தெரிவதில்லை.

எஞ்சினை ஓட்டாமலே செய்யும் சோதனை

1. சாவியை மட்டும் போடுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இரண்டு விளக்கும் எரிய வேண்டும். எரியாவிட்டால் அதுவும் பழுதுதான். பல்பு போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். அப்படி விட்டுவிட்டால் உண்மையான ஆபத்தின்போது விளக்கு எரியாது.

2. ஆயில் சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றி, எதிலும் படாமல் பிடியுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால், வயர் எங்கோ இரும்பில் படுகிறது.

3. அணைந்துவிட்டால், வயர் கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்து, வளைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் மீட்டர் போர்டைக் கவனிக்கட்டும். எந்த இடத்தை அசைக்கும்போது விளக்கு மின்னுகிறதோ, பழுது அங்கேதான்.

4. வயரை மாட்டிவிட்டு, டைனமோவின் மெல்லிய வயருக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். டைனமோவில் உள்ள தடித்த வயர் பேட்டரியோடு நேராகச் சேர்ந்தது, சாவி போடாதபோதும் அதில் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் பெரிய பொறி பறக்கும். எதைக் கழற்றுவது என்று தெரியாவிட்டால், இந்தப் பகுதியை மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள்.

வயர் கட்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: கிளிப் போட்டு இறுக்கிய இடம், தகட்டு ஓட்டை வழியாக நுழையும் இடம், சைலன்சருக்குப் பக்கம், எலி கடிக்கக்கூடிய மறைவுகள். உரிந்த வயரை வெறும் டேப் சுற்றி விட்டால் சூட்டில் பசை இளகிவிடும். சேதமான துண்டை வெட்டி, அதே தடிமன் வயரைச் சேர்த்து, மேலே சுருங்கும் குழாய் மாட்டுங்கள்.

சார்ஜ் விளக்கு மட்டும் எரிந்தால்

முதலில் ஃபேன் பெல்ட். இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால், பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். அதிகம் அமுங்கினால், சேறும் தண்ணீரும் படும்போது பெல்ட் வழுக்கும். இதை எஞ்சின் நின்றிருக்கும்போது மட்டும் பாருங்கள்.

பிறகு மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

அடுத்து எர்த். ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை டைனமோ உடம்பிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். கை, துணி, வயர் எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு மோசம். எர்த் வயர் சேஸிஸில் இறுகும் இடத்தைக் கழற்றி, பெயின்ட், துரு போக உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். ஹெட்லைட்டோ இண்டிகேட்டரோ போடும்போது எச்சரிக்கை விளக்குகள் மங்கலாக எரிந்தால், மீட்டர் போர்டின் எர்த் வயரைப் பாருங்கள்.

கடலோர ஊருக்குக் கூடுதல் கவனம்

படூர், கேளம்பாக்கம், கோவளம், முட்டுக்காடு பக்கம் கடலும் உப்பங்கழியும் உப்பளமும் அருகருகே இருக்கின்றன. உப்புக் காற்றின் ஈரம் வயரின் செம்புக் கம்பிக்குள் ஊறிப் பச்சையாகப் பூக்கும். வெளியே வயர் நன்றாகவே தெரியும், உள்ளே கம்பி பொடியாகியிருக்கும். உள்மாவட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை செய்யும் வேலையை இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒருமுறை கட்டாயம்.

பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்யும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பேட்டரி மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. காய்ந்த பிறகு முனைகளை இறுக்கி வாஸலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். உப்புக் கிணற்று நீரால் வண்டியைக் கழுவாதீர்கள். கழுவும்போது மீட்டர் போர்டு, டைனமோ, சாக்கெட்டுகள் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது.

செய்யவே கூடாத மூன்று

எஞ்சின் ஓடும்போது "டைனமோ வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். மின்னழுத்தம் எகிறி டைனமோவின் டையோடும் ரெகுலேட்டரும் போய்விடும். ஃபியூஸ் போனால் கம்பியைச் சுற்றாதீர்கள், வயர் கட்டு முழுக்க எரியும். பேட்டரியைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைக்காதீர்கள்.

விளக்கு எப்போது எரிந்தது, மேட்டிலா சேற்றிலா, ஹெட்லைட் போட்டிருந்ததா, மழைக்குப் பிறகா என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். பட்டறையில் அதைக் காட்டினால் பொருளை மாற்றிப் பார்க்கும் செலவு குறையும். பழுது பார்க்கும் நாள்களில் உழவு தள்ளிப்போகாமல் இருக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலியின் இ-வாடகைப் பகுதியில் முன்பதிவு செய்யலாம்.

கேள்வி: "காய்கறி ஏற்றும் சிறிய லோடு வண்டியில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்கிறார்கள். சரியா?"

- வாசகர், திருப்போரூர்.

பதில்: போய்விடும், ஆனால் பழுது போகாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 வண்டிகள் பழுதைக் குறியீடாகத் தங்கள் நினைவகத்தில் பதிவு செய்துகொள்ளும். விளக்கு அணைந்தாலும் அந்தக் குறியீடு சில காலம் இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் அந்தத் தடயம் அழிந்துவிடும். ஸ்கேனர் கருவி உள்ள பட்டறையில் குறியீட்டைப் படிக்கச் சொல்லி, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், சுமையைக் குறைத்து ஓட்டி ஓரிரு நாளில் காட்டலாம். சிவப்பு விளக்கு எது எரிந்தாலும் ஓரமாக நிறுத்திப் பார்த்த பிறகே சந்தைக்குக் கிளம்புங்கள்.