சித்தியின் சுபாவம்

உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருத்தி இருப்பாள். கல்யாண வீட்டில் எல்லோரும் கூடிச் சிரித்துக் கொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக் கொண்டிருப்பாள். "ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லையே!" என்பாள். உடனே பக்கத்திலிருப்பவர்கள், "விடுங்கள், அவள் சுபாவமே அப்படி" என்று தீர்ப்புச் சொல்லி விடுவார்கள்.

என் சித்தியைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாக நானும் அந்தத் தீர்ப்பைத்தான் சொல்லி வந்தேன். சமையல், துணிமணி, குழந்தைகளின் படிப்பு எதிலும் சித்தி குறை வைத்ததில்லை. ஆனால் எதிலும் அவளுக்கு ருசி கிடையாது. போன வருஷம் தலைவலிக்காக ஒரு லேடி டாக்டரிடம் போனாள். "கடைசியாக எப்போது மனசு விட்டுச் சிரித்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். சித்தி வெகுநேரம் யோசித்தாள். பிறகு அழ ஆரம்பித்து விட்டாள்.

சகோதரிகளே, இந்தச் 'சுபாவ'த்துக்கு வைத்திய சாஸ்திரத்தில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அதை 'டிஸ்தைமியா' என்றார்கள். 2013-ல் வந்த பட்டியலில் அது 'நீடித்த மனச்சோர்வு நோய்' ஆயிற்று. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும் பகுதி மனம் வாடியே இருக்கும். பெரியவர்களுக்கு இப்படி 2 வருஷம், குழந்தைகளுக்கு 1 வருஷம் நீடித்தால் அது இந்த நோயாக இருக்கலாம். கூடவே பசியோ தூக்கமோ குறையும், அல்லது மிகும். அசதி, தன்னைத் தானே மட்டமாக நினைப்பது, கவனம் நிலைக்காமை, எதிலும் நம்பிக்கையின்மை என்று வேறு சிலவும் சேர்ந்து கொள்ளும்.

நூற்று நாலு டிகிரி ஜுரம் வந்தால் வீடே பதறுகிறது. உள்ஜுரத்தை யார் கவனிக்கிறார்கள்? இதுவும் உள்ஜுரம் போலத்தான். அலட்சியமாக விட்டால் ஒருநாள் கடுமையான மனச்சோர்வாக முற்றலாம். உயிரை வெறுக்கும் அளவுக்கும் கொண்டு போய்விடலாம்.

பரம்பரை, சிறு வயதில் பட்ட துயரம், ஓயாத கவலை என்று காரணங்கள் பல. மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு வருகிறது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே போல் ஆளைச் சோர வைக்கும். ஆகவே டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். பிறகு மாத்திரை, பேசித் தீர்க்கும் சிகிச்சை, அல்லது இரண்டும். மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். "நாலு நாளாகியும் ஒன்றும் தெரியவில்லையே" என்று நிறுத்தாதீர்கள். குணம் தெரிந்ததும் நீங்களாக நிறுத்தி விடவும் கூடாது.

வராமலே தடுக்க முடியுமா? நிச்சயமான வழி இல்லை. ஆனால் முளையிலேயே கண்டுபிடிக்கலாம். காலண்டரில், மனம் வாடிய நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு வாரம் புள்ளிகளாகவே இருந்தால் டாக்டரிடம் போங்கள். வேளைக்குத் தூக்கம், தினம் அரைமணி நடை, மனம் விட்டுப் பேச ஒரு சிநேகிதி இவையும் துணை நிற்கும். வெளியே போகத் தயக்கமா? 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

போன வாரம் சித்தி என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரசமா, வெந்நீரா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "இதை வியாதி என்று ஏண்டி இத்தனை நாளாக யாருமே சொல்லவில்லை?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவளிடம் நீங்களாவது இன்றைக்கே சொல்லி விடுங்கள்.